பச்சை அட்டை கட்டிய சைக்கிள்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடுகிறது, சார். நான் பார்த்து உட்கார்ந்துகொள்வேன், எனக்குப் பரவாயில்லை. எனக்கு அப்புறம் இதில் உட்காரப்போகிறவர்களும் அப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு திருகைக் கால் சுற்று இறுக்கினால் போதும். சொல்லிவிட்டேன், அப்புறம் உங்கள் இஷ்டம். சொல்வதுதான் என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைத்தான் செய்கிறேன்.

தகர டப்பா செய்கிற தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. கேட்டில் தொப்பி போட்டுக்கொண்டு சலாம் வைக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். என் மாமியார் கடைசிவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். யாருடைய விரலும் இயந்திரத்துக்குள் போகாமல், யார் தலையிலும் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்கிறவன் நான். எதுவும் நடக்காமல் இருந்தால் நான் வேலை செய்கிறேன் என்று அர்த்தம். எதுவும் நடக்காததால் இவன் என்னதான் வேலை செய்கிறான் என்று எல்லோரும் கேட்பார்கள். அது இந்த உத்தியோகத்தின் தலையெழுத்து.

வந்த விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் தொழிற்சாலையில் ஒரு விசாரணை அறிக்கை கையெழுத்தாகிறது. என் மைத்துனன் சைக்கிளில் வந்து மோதி அடிபட்ட விஷயம். அதில் ஏழாம் பக்கத்தில், காரணம் என்ற தலைப்புக்குக் கீழே, ‘சைக்கிளைச் சோதித்தவரின் கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறார்கள். சோதித்தவன் நான். அந்த வரி பொய். எடுத்துவிடச் சொல்லி மேனேஜரிடம் மூன்று தரம் போனேன். மூன்று தரமும் அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார். அதனால்தான் உங்களைத் தேடிப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். அந்த வரி போக வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

எங்கள் வளாகம் ஒரு மேட்டில் இருக்கிறது. தகரத்தை வெட்டி வளைக்கிற ஷெட் மேலே. பெயிண்ட் அடித்து அடுக்குகிற ஷெட்டும் கேன்டீனும் கீழே. நடுவில் முந்நூறு மீட்டர் சரிவு. சாப்பாட்டு மணி அடித்ததும் மேலே இருப்பவர்கள் எல்லோரும் சைக்கிளில் இறங்குவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாதத்துக்கு இரண்டு பேராவது விழுவார்கள். பிரேக் இல்லாத வண்டி, மணி இல்லாத வண்டி, செயின் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிற வண்டி. அதற்காகத்தான் அட்டை முறையைக் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை காலையில் எல்லாச் சைக்கிளும் என் கொட்டகைக்கு வர வேண்டும். டயர், செயின், மணி, முன் பிரேக், பின் பிரேக். எல்லாம் சரியாக இருந்தால் ஹேண்டில்பாரில் பச்சை அட்டை கட்டிக் கையெழுத்துப் போடுவேன். ஒன்று சரியில்லை என்றாலும் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரர் நடந்துதான் இறங்க வேண்டும். ஒரு வாரம் மேனேஜரே நடந்தார்.

அதற்குப் பிறகு பதினொரு வருடம் ஒருவரும் விழவில்லை. அதனால் என்ன ஆயிற்று என்றால், ஒருவரும் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அட்டை பச்சையா என்று ஒரு பார்வை, ஏறி ஒரு மிதி, அவ்வளவுதான். அட்டையை நம்பினார்கள். அட்டையைக் கட்டினவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிக்கச் சொல்லிக்கொடுத்தவன் என் மைத்துனன். என் மனைவிக்கு ஒரே தம்பி. எங்களுக்குக் கல்யாணமானபோது அவனுக்கு ஒன்பது வயது. பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத நிலைமை. அக்காவின் பெட்டியோடு அவனும் வந்து இறங்கிவிட்டான். அவனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவனே நான்தான். ‘மாமா, புடிச்சிருக்கீங்களா, புடிச்சிருக்கீங்களா’ என்று கேட்டுக்கொண்டே மிதிப்பான். பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். பிறகு அவனுக்கு வேலையும் நான்தான் வாங்கிக்கொடுத்தேன். தொழிற்சாலையில் அவனுக்கு டைனமோ என்று பெயர். அவன் நகர்ந்தால் பக்கத்தில் இருக்கிறவன் முகத்தில் வெளிச்சம் வருமாம்.

எனக்கும் ஒரு பெயர் உண்டு. ஜாக்கிரதை. வைத்தவன் அவன். ‘ஜாக்கிரதை வர்றாரு’ என்றால் மேல் ஷெட்டில் எல்லோரும் ஹெல்மெட்டைத் தேடுவார்கள். அது நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அவன் என்னைப் போலவே பேசிக் காட்டுவான். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, பென்சிலால் மேஜையில் மூன்று தட்டுத் தட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘அன்பார்ந்த நண்பர்களே, தும்முவதற்கு முன் இடமும் வலமும் பார்த்துத் தும்மவும்’ என்று ஆரம்பிப்பான். நான் தும்மலைப் பற்றி எப்போதும் பேசியதில்லை. பேசினதாகவே இப்போது பாதிப் பேர் நம்புகிறார்கள். வீட்டில் சாப்பிடும்போதும் செய்வான். ‘ஏன்டா, பாவம்டா அவரு’ என்பாள் என் மனைவி. சிரித்து முடித்துவிட்டுத்தான் சொல்வாள்.

எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். சிரித்தார்கள் என்பதற்காக யாரும் எதுவும் செய்துவிட மாட்டார்கள். அதுவும் என்னைப் போலப் படித்தவர்கள்.

நாலு மாதத்துக்கு முன்னால் தொழிற்சாலையில் பாதுகாப்பு விழா வைத்தார்கள். குடும்பத்தோடு எல்லோரையும் அழைத்திருந்தார்கள். நான் நாற்பது நிமிடம் பேசத் தயாரித்திருந்தேன். பிரேக் எப்படித் தேய்கிறது என்பதற்குப் படங்கள் வைத்திருந்தேன். பதினெட்டாவது நிமிடத்தில் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் மேடைக்கு வந்து என் காதில், “சார், கொஞ்சம் சுருக்கிக்கலாமா, பிள்ளைங்க எல்லாம் பசியோட இருக்கு” என்றார். சுருக்கிக்கொண்டேன். அடுத்து டைனமோவைக் கூப்பிட்டார்கள். அவன் நாலே நிமிடம் நானாக நின்றான். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார், அது மிகவும் ஆபத்தான பழக்கம். மூன்றாவது வரிசையில் என் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது மேனேஜர் சொன்னார்: “சார், அடுத்த மாசத்துல இருந்து நீங்க பேசற திங்கக்கிழமைப் பாதுகாப்புப் பேச்சை இவரே பேசட்டும். சொல்ல வேண்டியதச் சொன்ன மாதிரியும் ஆச்சு, சிரிச்ச மாதிரியும் ஆச்சு. உங்களுக்கும் ஓய்வு.”

“மாமா, நான் உங்க அளவுக்கெல்லாம் பேச மாட்டேன்” என்றான் மைத்துனன். அதையும் என் குரலிலேயே சொன்னான்.

அன்று எனக்குப் புரிந்தது ஒரு பொதுவான உண்மை. சொந்த விஷயம் எதுவும் இல்லை. செவிடன் காதில் சங்கு ஊதுகிற மாதிரி நான் இருபத்திரண்டு வருடம் ஊதியிருக்கிறேன். பட்டால்தான் தெரியும் என்பார்கள். ஆனால் பதினொரு வருடமாக ஒருவருக்கும் படவில்லையே, எப்படித் தெரியும்? படாமல் பார்த்துக்கொண்டவனே நான்தான். ஆகவே, மற்ற முந்நூறு பேருக்கும் தெரிய வேண்டும் என்றால் ஒருவருக்குப் பட வேண்டும். இதில் ஏதாவது தவறு இருந்தால் சொல்லுங்கள்.

யாருக்குப் பட வேண்டும் என்பதில் நான் பாரபட்சம் பார்க்கவில்லை. ஒரு தாளில் தகுதிகளை எழுதினேன். இளம் வயதாக இருக்க வேண்டும், எலும்பு சீக்கிரம் கூடும். கல்யாணமாகியிருக்கக் கூடாது, ஒரு குடும்பம் தவிக்கக் கூடாது. எல்லோருக்கும் பிடித்தவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் படிப்பினை பரவாது. கடைசியாக, வெளியாள் வேண்டாம். யாரோ பெற்ற பிள்ளையைத் தொடுவது பாவம் இல்லையா? நம் வீட்டுப் பிள்ளை என்றால் நாமே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று பேரை எழுதிப் பார்த்தேன். நாலு தகுதிக்கும் ஒருவன்தான் பொருந்தினான்.

அந்தத் திங்கட்கிழமை அவன் சைக்கிளைச் சோதித்தேன். மற்ற வண்டிகளுக்கு இரண்டு நிமிடம் போதும். அவனுடையதற்குப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். கவனக்குறைவு என்று எழுதியவர்கள் இந்தப் பதினைந்து நிமிடத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் தேநீர் குடித்துவிட்டு வந்து கொட்டகைக்குள் தலையை நீட்டினான்.

“என்ன மாமா, வண்டிக்கு ஆபரேஷனா பண்றீங்க?”

“பொறுடா. பத்திரமாப் பாக்க வேணாமா?” என்றேன்.

“நீங்க பாத்தா அப்புறம் அதுல கடவுளே குறை சொல்ல முடியாது மாமா.”

கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் மற்றவர்களாவது எப்போதாவது பிரேக்கை ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார்கள். இவன் அதுகூடச் செய்ததில்லை. அட்டையில் என் கையெழுத்து இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவான். கிண்டல் செய்கிறவர்கள் இப்படித்தான், எதிலும் பொறுப்பு இருக்காது.

பிரேக் கம்பி என்று நாம் சொல்வது ஒரே கம்பி இல்லை, சார். பத்தொன்பது மெல்லிய இழைகளை முறுக்கிய கயிறு. முன் பிரேக்கின் கம்பியில் நான் பதினாறை வெட்டினேன். மூன்றை விட்டேன். பிரேக் பிடிக்குள் மறைகிற இடத்தில்தான் வெட்டினேன், வெளியே தெரியாது. பின் பிரேக்கின் ரப்பர் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. அதற்காகவே சிவப்பு அட்டை கட்டியிருக்கலாம். பச்சை கட்டினேன். கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன்.

நான் கொடூரமானவன் இல்லை என்பதற்கு ஆதாரங்கள் இருக்கின்றன. அவன் தலைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று, அக்கா போடச் சொன்னாள் என்று பொய் சொல்லி, மூன்று நாளும் ஹெல்மெட்டை நானே மாட்டி வாரையும் இறுக்கினேன். சரிவின் கடைசியில் இருக்கிற சுவரை ஒட்டிக் காகித அட்டைக் கட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கச் சொன்னேன். முதலுதவிப் பயிற்சி என்று சொல்லி ஒரு ஸ்ட்ரெச்சரையும் திங்கட்கிழமையே அங்கே கொண்டுவந்து வைத்தேன். மூன்று நாளாக ஸ்ட்ரெச்சர் ஏன் அங்கே கிடந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. முன்யோசனை என்று பாராட்டினார்கள்.

திங்கட்கிழமை கம்பி அறுந்துபோகவில்லை. செவ்வாயும் அறுந்துபோகவில்லை. இந்தக் காலத்தில் இவ்வளவு தரமாகக் கம்பி செய்கிறார்களா என்று எனக்கே ஆச்சரியம். இரண்டு நாளும் ஒரு மணிக்கு நான் கீழே போய் நின்றேன். அவன் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கி, ‘ஜாக்கிரதை மாமா’ என்று என் குரலில் எனக்கே சொல்லிவிட்டுக் கேன்டீனுக்குப் போனான்.

புதன்கிழமை ஒன்று பத்துக்கு அறுந்தது. வளைவில் அவன் பிடியை அழுத்தினதையும், பிடி வெறுமனே மடங்கினதையும் நான் கீழே இருந்து பார்த்தேன். செருப்பைத் தரையில் தேய்த்துப் பார்த்தான். ஒரு செருப்பு போயிற்று. அப்போதுதான் என்னைப் பார்த்தான். நான் அட்டைக் கட்டுகளுக்கு முன்னால், நடப்பவர்களுக்காகத் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள், என் குறிப்பேட்டோடு நின்றிருந்தேன். “மாமா, தள்ளிக்குங்க, தள்ளிக்குங்க மாமா” என்று கத்தினான். நடப்பவர்கள் மஞ்சள் கோட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. நான் நகரவில்லை. கடைசி நொடியில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவன் நேராக வந்திருந்தால் மெத்தையில் விழுகிற மாதிரி கட்டுகளின் மேல் விழுந்திருப்பான். ஒரு சிராய்ப்பு, ஒரு மணிக்கட்டு, அதோடு போயிருக்கும். அவன்தான் அவசரப்பட்டு என்னை விட்டு வண்டியை வளைத்தான். அந்தப் பக்கம் லாரி நிற்கிற மேடையின் இரும்புத் தூண் இருந்தது.

வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில். கழுத்தடியில் காறை எலும்பு. மணிக்கட்டு. தாடை இரண்டு இடத்தில். தலைக்கு ஒன்றும் இல்லை, ஹெல்மெட் காப்பாற்றியது என்று டாக்டரே சொன்னார். தொடைக்குள் உலோகத் தண்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கால் ஒரு அங்குலம் குறையுமாம். நடப்பான், ஓட முடியாது என்றார்கள். தாடை கூடுவதற்காக மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது.

“நீங்க மட்டும் அங்க நிக்கலன்னா என்னங்க ஆயிருக்கும்” என்று என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் என் கையை அவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

மறுநாள் கணக்கெடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் முந்நூற்றுப் பதினொரு பேர் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். மீதி ஒருவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். சரிவில் எல்லோரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினார்கள். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள்.

நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வேலை முடிந்து ஐந்தரைக்குப் போனால் எட்டு மணி வரை இருப்பேன். ஸ்ட்ராவை அவன் பல்லிடுக்கில் வைத்துப் பாலும் சூப்பும் கொடுப்பேன். உடம்பு துடைத்துவிடுவேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். விழாவில் பேச முடியாமல் போன மீதி இருபத்திரண்டு நிமிடத்தையும் அவனிடம் பேசி முடித்தேன். படங்களையும் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டான். அவனுக்குள் இவ்வளவு நல்ல பிள்ளை இருந்தான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. எதையாவது சொல்ல வேண்டும் என்றால் இடது கையால் சிலேட்டில் எழுதுவான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அறிக்கைதான் கெடுத்தது.

எங்கள் ஃபிட்டர் அறுந்த கம்பியைப் பார்த்துவிட்டு, துருப்பிடித்து நைந்திருக்கிறது, பார்த்தவர் கவனிக்காமல் விட்டிருக்கிறார் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். வெட்டுக்கும் நைவுக்கும் வித்தியாசம் தெரியாத ஃபிட்டர். பின் பிரேக்கின் ரப்பரையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தண்டனை ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதுவும் உறைக்குள் போட்டு, யாருக்கும் தெரியாமல். மேனேஜர் எழுந்து நின்று கொடுத்தார்.

“மனசுல வச்சுக்காதீங்க சார். யானைக்கும் அடி சறுக்கும்.”

என் யானை சறுக்கவில்லை. இடம் பார்த்துத்தான் மிதித்தது. ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

தொழிற்சாலையில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கேன்டீனில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். மேல் ஷெட்டில் ஒருவர், “உங்க கண்ணாடி பவரை ஒரு தடவ செக் பண்ணிக்குங்க சார்” என்று தணிந்த குரலில் சொன்னார். இந்தத் திங்கட்கிழமை, அதாவது நேற்று, நான் பச்சை அட்டை கட்டிய சைக்கிள்களை வெளியே கொண்டுபோய், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் பிரேக்கை அழுத்திப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடமாக நான் செய்யச் சொன்னது அதைத்தான். ஆனால் இப்படி இல்லை.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் என் மனைவியிடம் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். “போகட்டும் விடுங்க. வேணும்னா செஞ்சீங்க? ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. அதோட முடிஞ்சது” என்றாள். கட்டிலில் இருந்து மைத்துனன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிலேட்டைக் கேட்டான். நிதானமாக எழுதி அக்காவிடம் காட்டினான். அவள் படித்துவிட்டு என் பக்கம் திருப்பினாள்.

‘மாமா பாவம். வயசாச்சு. தெரியாம விட்டுட்டாரு. யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க.’

எனக்கு ஐம்பத்து நாலு வயது, சார். கண்ணாடி போட்டால் ஊசியில் நூல் கோர்ப்பேன்.

இரவு முழுவதும் யோசித்தேன். நான் இப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டால் வீட்டுக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம், அவனும் குணமாகி வந்து என் மேஜையிலேயே சாப்பிடுவான். எனக்கு எது வேண்டுமோ அத்தனையும் கிடைக்கும். ஆனால் சாகும்வரை எல்லோருக்கும் நான் ஒரு பிரேக்கைச் சரியாகப் பார்க்கத் தெரியாத கிழவன். அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

இதோ, இந்த உறையைப் பிரித்துப் பாருங்கள். வெட்டிய பதினாறு இழைகளின் நுனிகளும் இருக்கின்றன. எண்ணிக்கொள்ளலாம். வெளியே தேதி, நேரம், என் கையெழுத்து. வெட்டிய கட்டிங் பிளேயர் இந்தத் துணியில் இருக்கிறது, நுனியில் துணி சுற்றியிருக்கிறேன், எடுக்கும்போது உங்கள் கையில் குத்திவிடக் கூடாது என்று. தகுதிகளை எழுதிய தாளும் இருக்கிறது. கவனக்குறைவான ஆள் செய்கிற வேலையா இது? ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். சைக்கிளைச் சோதித்தவர், முழுக் கவனத்தோடு, திட்டமிட்டு, அவனை விழ வைத்தார். ‘கவனக்குறைவு’ என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

எத்தனை வருடம் கிடைக்கும் என்று நான் கேட்கப்போவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். நான் சொன்னதை எல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போய் என் மைத்துனனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். முழுவதும், நிறுத்தி நிதானமாக, என் பெயரோடு. ஆனால் தள்ளிப்போட வேண்டாம். இன்று செவ்வாய். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் தாடைக் கம்பியைப் பிரிக்கிறார்கள். அதற்கு முன்னால் வாசித்துவிடுங்கள், சார். பிரித்த பிறகு என்றால் அவன் சிரித்துவிடுவான்.